சனிக்கிழமை யாருக்குச் சொந்தம்? அமெரிக்க காலேஜ் ஃபுட்பாலில் குடும்பங்கள் இழப்பது என்ன?

அமெரிக்காவின் அயோவா மாநிலம். கின்னிக் ஸ்டேடியத்தில் கிட்டத்தட்ட 70 ஆயிரம் பேர். முதல் குவார்ட்டர் முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே பக்கமாகத் திரும்பி நிற்கிறது. விளையாட வந்தவர்கள், எதிரணி வீரர்கள், நடுவர்கள்னு எல்லாரும் மேலே பார்த்துக் கை அசைக்கிறார்கள். யாருக்குத் தெரியுமா?

ஸ்டேடியத்தை ஒட்டி ஒரு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. அதன் மேல்மாடியில், கண்ணாடிக்குப் பின்னால் சிகிச்சையில் இருக்கும் குழந்தைகள் மேட்ச் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குத்தான் இந்தக் கையசைப்பு. அவர்களும் பதிலுக்குக் கை அசைப்பார்கள். 2017-ல் ஒரு ரசிகை ஃபேஸ்புக்கில் சொன்ன யோசனை இது. அந்த செப்டம்பரில் ஆரம்பித்து இன்று வரை தொடர்கிறது.

ரீல்ஸில் இந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. "ஒரு காலேஜ் மேட்ச்சுக்கு 70 ஆயிரம் பேரா?"ன்னு ஆச்சர்யப்பட்டும் இருப்பீங்க. அந்த ஆச்சர்யத்துக்குப் பின்னால் ஒரு பெரிய குடும்பக் கதை இருக்கிறது. அந்தக் கதை இப்போது ஒரு சிக்கலில் மாட்டியிருக்கிறது.

முதல்ல, இது என்ன விளையாட்டு?

நாம் கால்பந்து என்று சொல்வது இது இல்லை. முட்டை வடிவப் பந்து, ஹெல்மெட், தோள் கவசம், ஒரு அணிக்கு 11 பேர் என்று ஆடும் அமெரிக்க ஃபுட்பால். 1869-ம் ஆண்டு நவம்பர் 6-ம் தேதி ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்ற இரண்டு கல்லூரிகள் மோதிய ஆட்டத்தைத்தான் முதல் காலேஜ் ஃபுட்பால் மேட்ச் என்பார்கள். இன்றைக்கு மேல்மட்டப் பிரிவில் மட்டும் 130-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழக அணிகள் இருக்கின்றன. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் கடைசி வரை வழக்கமான சீசன். அதற்குப் பிறகு ஜனவரி வரை ப்ளேஆஃப்.

கூட்டம் எவ்வளவு வரும்? மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கை உள்ள கல்லூரி ஸ்டேடியங்கள் அந்த நாட்டில் எட்டு இருக்கின்றன. நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் 1962 நவம்பரில் இருந்து ஒவ்வொரு ஹோம் மேட்ச்சும் ஹவுஸ்ஃபுல். தாத்தா, அப்பா, பேரன் என மூன்று தலைமுறையும் காலி ஸ்டேடியத்தைப் பார்த்ததே இல்லை.

காரணம் சிம்பிள். நெப்ராஸ்கா, அயோவா, அலபாமா போன்ற மாநிலங்களில் என்.எஃப்.எல் அணி கிடையாது. அதனால் கல்லூரி அணிதான் மாநிலத்தின் அணி. அந்தக் கல்லூரி வாசலை மிதிக்காத விவசாயியும் மெக்கானிக்கும்கூட "நாங்க ஜெயிச்சோம்"னு தான் சொல்வார்கள். அவர் பொண்ணு அங்கே படிக்கலாம், படிக்காமலும் போகலாம். அணி மட்டும் பரம்பரையாக வரும்.

அந்த ஒரு நாள் எப்படி இருக்கும்?

மேட்ச் மதியம் என்றால், காலை ஆறு, ஏழு மணிக்கே பார்க்கிங் மைதானம் நிரம்பிவிடும். பிக்கப் டிரக்கின் பின்கதவை இறக்கி, அதையே மேஜையாக்கிச் சாப்பாடு பரப்புவார்கள். அந்தப் பின்கதவுக்கு ஆங்கிலத்தில் டெயில்கேட் என்று பெயர். அதனால் இந்தச் சாப்பாட்டுக் கூட்டத்துக்கும் 'டெயில்கேட்' என்றே பெயர் வந்துவிட்டது.

ஊருக்கு ஊர் மெனு மாறும். விஸ்கான்சின் பக்கம் சாசேஜ் சுடுவார்கள். டெக்சாஸில் ராத்திரி முழுக்கப் புகையில் வேகவைத்த மாட்டிறைச்சி. லூசியானாவில் பெரிய அண்டாவில் ஜம்பலாயா கொதிக்கும். மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் 'தி க்ரோவ்' என்று பத்து ஏக்கர் மரத்தோப்பு ஒன்று இருக்கிறது. அங்கே கூடாரத்துக்குள் சரவிளக்கு தொங்கவிட்டு, வெள்ளிப் பாத்திரத்தில் சாப்பாடு வைப்பார்கள். டென்னசியில் ரசிகர்கள் படகிலேயே வந்து ஸ்டேடியம் பக்கத்து ஆற்றில் இறங்குவார்கள்.

சாப்பாடு செய்பவர் பெரும்பாலும் அப்பா அல்லது தாத்தா. பையன் முதல் வருஷம் கரி அள்ளிப் போடுவான், சில வருஷம் கழித்து அடுப்பு அவன் பொறுப்பு. பக்கத்து டிரக் குடும்பம் போன வருஷமும் அங்கேயேதான் நின்றது. அவங்க வீட்டுக் கல்யாணம், வேலை போனது, பாட்டி இறந்தது எல்லாம் இவங்களுக்குத் தெரியும்.

ஸ்டேடியத்துக்குள் போனாலும் அதே கதைதான். சீசன் டிக்கெட் வைத்திருப்பவருக்கு வருஷா வருஷம் அதே சீட். அப்படின்னா பக்கத்து சீட்காரரும் அதே ஆள். வருஷத்துக்கு ஆறேழு சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டால்கூட இருபது வருஷத்தில் நூறு தடவைக்கு மேல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பல குடும்பங்களில் சொந்த அத்தை மகனைவிட அதிகமாகப் பார்த்த மனிதர் அவராகத்தான் இருப்பார்.

இதையெல்லாம் கவனித்தால் ஒன்று புரியும். இந்தச் சமூகத்தை உருவாக்க யாரும் திட்டம் போடவில்லை. அதே நாள், அதே எதிரி, அதே பக்கத்து சீட். இந்த மூன்றும் மாறாமல் திரும்பத் திரும்ப வந்ததில் தானாக உருவான உறவு இது. கடந்த சில வருஷங்களில் ஆட்டம் கண்டிருப்பது சரியாக இந்த மூன்றும்தான்.

அதே நாள்: இப்போ டி.வி சொல்லும் நேரம்

சனிக்கிழமை மேட்ச் இருக்கிறது என்பது மாதக்கணக்கில் முன்பே தெரியும். எத்தனை மணிக்கு என்பது? பல மேட்ச்சுகளுக்கு 12 நாள் முன்புதான் தெரியும். சில சமயம் ஆறே நாள். எந்த மேட்ச்சை எந்த ஸ்லாட்டில் போட்டால் அதிகம் பேர் பார்ப்பார்கள் என்று டி.வி சேனல் கடைசி வரை காத்திருந்து முடிவு செய்யும்.

நாலு மணி நேரம் கார் ஓட்டி வரும் குடும்பத்தை நினைச்சுப் பாருங்க. காலை 11 மணி கிக் ஆஃப் என்றால் விடியலுக்கு முன்பே கிளம்பணும், டெயில்கேட் கட். ராத்திரி 7 மணி என்றால் கைக்குழந்தையோடு நள்ளிரவில் ஹைவேயில் திரும்பணும், இல்லைன்னா ஹோட்டல் ரூம் போடணும். மேட்ச் நாளில் அந்தச் சின்ன ஊர்களில் ரூம் வாடகை எகிறிக்கிடக்கும்.

இதன் வேர் 1984-ல் இருக்கிறது. அதுவரை எந்தக் கல்லூரி மேட்ச் எத்தனை முறை டி.வி-யில் வரலாம் என்பதைக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ கட்டுப்படுத்தியது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாடு செல்லாது என்றது. அன்றிலிருந்து ஒளிபரப்பு உரிமையைக் கல்லூரிகளும், அவை சேர்ந்து அமைத்த 'கான்ஃபரன்ஸ்' என்ற கூட்டமைப்புகளும் நேரடியாக விற்கலாம் என்றானது. கதவு திறந்தது, பணம் கொட்டியது.

அதே எதிரி: பிரிக்கப்பட்ட பங்காளிகள்

கான்ஃபரன்ஸ் என்பது பக்கத்துப் பக்கத்து மாநிலக் கல்லூரிகளின் லீக் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரி பக்கத்து ஊர்க்காரன். அலுவலகத்தில் பக்கத்து மேஜையில் இருப்பவன், சில வீட்டில் மாப்பிள்ளையே அவன்தான். அதனால்தான் சூடு அதிகம்.

ஓக்லஹோமா மாநிலத்தை எடுத்துக்கோங்க. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்கும் ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கும் நடக்கும் மேட்ச்சுக்கு 'பெட்லம்' என்று பெயர். 1910-லிருந்து ஒரு வருஷம்கூட விடாமல் ஆடினார்கள். கணவன் ஒரு கல்லூரி, மனைவி இன்னொரு கல்லூரி என்றால், இரண்டு அணியின் சின்னத்தையும் பாதிப் பாதி போட்டு, 'இந்த வீடு இரண்டுபட்டது' என்று அறிவிக்கும் பலகையைக் காரில் மாட்டுவார்கள். பிறந்த குழந்தைக்கு எந்தக் கலர் சட்டை என்பதில் தாத்தா பாட்டிகளுக்குள் ஜாலியான யுத்தமே நடக்கும்.

2023 நவம்பர் 4-ம் தேதி ஓக்லஹோமா ஸ்டேட் 27-24 என்று ஜெயித்தது. அதோடு அந்தத் தொடர் நின்றுபோனது. ஓக்லஹோமா பல்கலைக்கழகம் 2024-ல் அதிக வருமானம் உள்ள எஸ்.இ.சி கான்ஃபரன்ஸுக்கு மாறிவிட்டது. ஒரே மாநிலம், கார் எடுத்தால் ஒன்றரை மணி நேர தூரம், ஆனால் வருடாந்திர மேட்ச் கிடையாது.

மேற்குக் கடற்கரையில் இதைவிட மோசம். பேக்-12 என்ற கான்ஃபரன்ஸின் வேர் 1915 வரை போகிறது. 2023 ஆகஸ்ட் முடிவதற்குள்ளும், அதை ஒட்டியும் 12 கல்லூரிகளில் 10 வெளியேற முடிவு செய்தன. மிஞ்சியது ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும். புது அணிகளைச் சேர்த்து 2026-லிருந்து அதை மீண்டும் கட்டும் முயற்சி நடக்கிறது.

வெளியேறியவர்கள் எங்கே போனார்கள்? பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் 'அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்'ல் சேர்ந்தன. பெயரைப் படிச்சுட்டு நீங்க சிரிச்சா தப்பில்லை. 'பிக் டென்' என்ற கான்ஃபரன்ஸில் இப்போது 18 கல்லூரிகள். அதில் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸும் இருக்கிறது, சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் இருக்கிறது. நடுவே கிட்டத்தட்ட 4,000 கிலோமீட்டர். அந்த மேட்ச்சுக்கு எந்தக் குடும்பம் டிரக்கில் அடுப்பை ஏற்றிக்கொண்டு போகும்?

சில மேட்ச்சுகளைக் காப்பாற்றினார்கள், உண்மைதான். வாஷிங்டனும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மோதும் 'ஆப்பிள் கப்' தப்பித்தது. ஆனால் அது வழக்கமாக நடப்பது தேங்க்ஸ்கிவிங் வாரத்தில். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் எல்லாம் நவம்பர் கடைசியில் வீட்டுக்கு வரும் சமயம் அது. 2024-ல் அதை செப்டம்பர் நடுவில் நடத்தினார்கள். மேட்ச் இருக்கிறது, வீடு நிறைய ஆட்கள் இல்லை.

அதே பக்கத்து சீட்: விலை என்ன?

பல கல்லூரிகளில் நல்ல சீட் வேண்டும் என்றால் டிக்கெட் காசு மட்டும் போதாது. கல்லூரியின் விளையாட்டு நிதிக்கு வருஷா வருஷம் 'நன்கொடை'யும் கொடுக்கணும். முன்பெல்லாம் அதில் 80 சதவிகிதத்துக்கு வருமான வரிச் சலுகை இருந்தது. 2017-ல் வந்த வரிச் சட்டம் அதை எடுத்துவிட்டது. 2024 செப்டம்பரில் டென்னசி பல்கலைக்கழகம் அடுத்த சீசன் டிக்கெட்டுக்கு 10 சதவிகிதம் கூடுதல் கட்டணம் அறிவித்தது. வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருப்பதால், அதற்கு வைத்த பெயர் 'டேலன்ட் ஃபீ'.

மூன்று தலைமுறையாக நாலு சீட் வைத்திருந்த குடும்பம் இரண்டாகக் குறைக்கும். பிறகு முக்கியமான மேட்ச் டிக்கெட்டை ஆன்லைனில் விற்று மீதிக் காசைத் தேற்றும். அந்த சீட்டில் ஒவ்வொரு வாரமும் புது ஆள் வந்து உட்காருவார். அவரும் ரசிகர்தான், ஆனால் உங்க அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது அவருக்குத் தெரியாது.

"எல்லாம் பிளேயர்ஸ் காசு கேட்டதாலதான்!" - உண்மையா?

இங்கேதான் நாம் கொஞ்சம் நிதானமாக யோசிக்கணும். 2025 ஜூன் 6-ம் தேதி ஒரு நீதிமன்றம் பெரிய சமரசம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. அதன்படி கல்லூரிகள் தங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் வருஷத்துக்கு ஒரு கல்லூரிக்கு உச்ச வரம்பு சுமார் 2.05 கோடி டாலர். 2016-லிருந்து ஆடிய வீரர்களுக்கு நிலுவையாக சுமார் 280 கோடி டாலர். இது எல்லா விளையாட்டு வீரர்களுக்கும் சேர்த்துத்தான், ஆனால் பெரும்பங்கு போவது ஃபுட்பாலுக்கு.

உடனே ஒரு புலம்பல் ஆரம்பித்தது. "பசங்க கல்லூரிக்காக ஆடிய காலம் போச்சு, இப்போ காசுக்காக ஆடுறாங்க, பாரம்பரியம் அழிஞ்சுபோச்சு." டிக்கெட் பில்லில் 'டேலன்ட் ஃபீ' என்று எழுதியிருந்தால் அப்படித் தோன்றுவது இயல்புதான்.

ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்க. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் கான்ஃபரன்ஸ் மாறியதால், 1894-ல் தொடங்கிய டெக்சாஸ் - ஏ அண்ட் எம் போட்டி 2011 தேங்க்ஸ்கிவிங் இரவோடு நின்றது. அப்போது கல்லூரி வீரர் தன் பெயரையோ படத்தையோ வைத்து ஒரு டாலர் சம்பாதிக்கவும் அனுமதி இல்லை. அந்த அனுமதியே 2021 ஜூலையில்தான் வந்தது. பிக் டென் ஏழு வருஷத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல் டி.வி ஒப்பந்தம் போட்டது 2022-ல். பேக்-12 சிதறியது 2023-ல். பெட்லம் நின்றதும் 2023-ல். கல்லூரிகள் நேரடியாக வீரருக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்தது 2025 ஜூலையில்.

அதாவது, குடும்பங்களின் காலண்டரைக் கிழித்த முடிவுகள் எல்லாம் வீரர்களின் கைக்குக் கல்லூரிப் பணம் போவதற்கு முன்பே எடுக்கப்பட்டவை. எடுத்தவர்கள் கல்லூரி நிர்வாகங்களும் கான்ஃபரன்ஸ் தலைவர்களும் டி.வி சேனல்களும். கடைசியாகப் பந்திக்கு வந்தவர் வீரர். சாப்பாட்டு பில்லை மட்டும் அவர் பெயரில் எழுதினால் எப்படி?

இன்னொன்றும் சொல்லணும். நாம் ரசித்துப் பேசும் அந்தப் பழைய சனிக்கிழமையில், லட்சம் பேர் முன்னால் முட்டியையும் மூளையையும் பணயம் வைத்து ஆடிய இளைஞருக்கு உதவித்தொகையைத் தவிரப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. பயிற்சியாளருக்கு மட்டும் பல லட்சம் டாலர் சம்பளம். பெரிய அணிகளில் ஆடியவர்களில் பெரும் பகுதியினர் கறுப்பின இளைஞர்கள். அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் இனிய நினைவுக்கு இன்னொரு குடும்பத்துப் பையன் இலவசமாக உழைத்தது நியாயம் என்று சொல்ல முடியாது.

அப்போ எது மிஞ்சும்?

நம்பிக்கை தரும் விஷயங்களும் இருக்கு. 2024 நவம்பர் 30-ம் தேதி டெக்சாஸும் ஏ அண்ட் எம்மும் 13 வருஷம் கழித்து மறுபடி மோதின. டெக்சாஸ் 17-7 என்று ஜெயித்தது. 2011-க்குப் பிறகு பிறந்த டெக்சாஸ் குழந்தைகளுக்கு, அப்பா சொல்லிக் கேட்ட கதையை முதல் தடவையாகக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு. எஸ்.இ.சி கான்ஃபரன்ஸும் 2026-லிருந்து ஒவ்வொரு அணிக்கும் மூன்று நிரந்தர எதிரிகள், வருஷம் தவறாமல் மேட்ச் என்று அறிவித்திருக்கிறது.

இதைப் பாசத்தில் செய்ததாக நினைக்க வேண்டாம். பங்காளிச் சண்டையைத்தான் ஜனங்கள் அதிகம் பார்க்கிறார்கள், அதில்தான் காசும் இருக்கிறது. ஆனால் ரசிகர்கள் கைகளில் இருக்கும் பிடி இதுதான். எந்த மேட்ச்சுக்குக் கூட்டம் வருகிறது, எதைப் பார்க்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அடுத்த ஒப்பந்தம் எழுதப்படும்.

பெரிய பணம் புழங்காத இடத்திலும் இது வாழ முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் நியூ ஆர்லியன்ஸில் நடக்கும் 'பயூ கிளாசிக்'. கறுப்பின மாணவர்களுக்கு மற்ற கல்லூரிகளின் கதவு மூடியிருந்த காலத்தில் அவர்களுக்காக உருவான கல்லூரிகளின் வரிசையில் வரும் கிராம்ப்ளிங் ஸ்டேட்டும் சதர்ன் பல்கலைக்கழகமும், 1974-லிருந்து அந்தப் பெயரில் தேங்க்ஸ்கிவிங் வாரக்கடைசியில் மோதுகின்றன. மற்ற ஸ்டேடியங்களில் ஹாஃப் டைம் வந்தால் பாப்கார்ன் வாங்கப் போவார்கள். இங்கே யாரும் சீட்டை விட்டு நகர மாட்டார்கள். இரண்டு கல்லூரி பேண்ட் குழுக்களின் போட்டிதான் பாதிப் பேருக்கு மெயின் ஷோ. பழைய மாணவர்கள், அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் ஒன்றுசேரும் குடும்பச் சந்திப்பும் அதுதான்.

உங்களுக்கு இதில் என்ன?

2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3.3 லட்சத்துக்கும் மேல். உங்க அக்காவோ, கிளாஸ்மேட்டோ, நாளைக்கு நீங்களோ அதில் ஒருவராக இருக்கலாம். எம்.எஸ் படிக்கப் போய், முதல் இரண்டு மாதம் லேப், ரூம், லேப் என்று தனிமையில் ஓடும். சனிக்கிழமை ஊரே ஒரே கலர் சட்டையில் தெருவில் இறங்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு மறுபடி லேப்டாப்பைத் திறந்துவிடாதீங்க.

விதிமுறை தெரியலையா, பரவாயில்லை. அந்தக் கலரில் ஒரு டி-ஷர்ட் போட்டுக்கிட்டு டெயில்கேட் நடக்கும் மைதானத்துக்குப் போங்க. கையில் ஒரு டப்பா சாப்பாடு கொண்டுபோனால் இன்னும் நல்லது. "இதுதான் என் முதல் மேட்ச்"னு சொல்லுங்க. யாராவது ஒரு தாத்தா தட்டைக் கையில் கொடுத்து, முதல் டவுன், டச் டவுன் எல்லாம் விளக்க ஆரம்பித்துவிடுவார். அடுத்த வாரமும் அதே இடத்துக்குப் போங்க. முக்கியமே அந்த இரண்டாவது வாரம்தான்.

அயோவா கையசைப்பை எந்தச் சேனலும் விலைக்கு வாங்கிக் கொண்டுவரவில்லை, எந்த ஒப்பந்தத்திலும் அது பிறக்கவில்லை. ஆனால் அது நடக்க ஒவ்வொரு ஹோம் மேட்ச்சுக்கும் அந்த 70 ஆயிரம் பேர் வந்தாகணும். அப்பாவால் டிக்கெட் வாங்க முடியணும், குழந்தையோடு ராத்திரி வீடு திரும்பவும் முடியணும். அடுத்த டி.வி ஒப்பந்தத்தைப் பேச உட்காருபவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டியது இதைத்தான்.

ஒரு விஷயம். அங்கே நடு மாநிலங்களில் காலை 11 மணி கிக் ஆஃப் என்றால், சீசனின் பெரும்பகுதியில் இங்கே சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை. அந்த நேரத்தில் அமெரிக்காவில் படிக்கும் உங்க அண்ணன் போன் எடுக்கலைன்னா கோபப்படாதீங்க. மேட்ச் முடிய மூன்றரை மணி நேரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, "பக்கத்து சீட்ல யாரு இருந்தா?"ன்னு கேளுங்க.